பங்குக் கிணறும் பகல் மின்சாரமும்

மின்சாரத்தின் விலை கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் என்று தெரிந்துகொண்ட அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. வகுப்பறைத் திரையில் தெரிந்த அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காலையில் ஏறி, வெயில் உச்சிக்கு வரும்போது பள்ளமாக இறங்கி, பொழுது சாய்ந்ததும் செங்குத்தாக எழும்பும் கோடு. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, விலை விழுகிறது. விளக்கு போடும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கேட்கிறார்கள், விலை ஏறுகிறது. செஞ்சி வெயிலில் வளர்ந்தவன் நான். அந்த வெயில் ஒரு சந்தையையே மேலும் கீழும் ஆட்டுகிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் அலுவலக மலரில் இந்தப் பக்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. எங்கள் பயிற்சிப் பிரிவோ புதியது. ஓய்வு பெறுகிற வயதில் இங்கே ஒருவரும் இல்லை. நான் இந்த மாதத்தோடு இந்தப் பிரிவை விட்டு விலை நிர்ணயப் பிரிவுக்குப் போகிறேன். "அதுவும் ஒரு ஓய்வுதானே சார், எழுதுங்க" என்று புதிதாகப் பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மின் சந்தை ஒழுங்குமுறை என்றால் என்ன என்பதைப் பாடப் பக்கங்கள் நன்றாகவே சொல்லிக் கொடுக்கும். அது எப்போது என் உடம்பில் ஏறியது என்பதை மட்டும் நான் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலடா?"

"கரண்ட்டுக்கு வைக்கிற வெல நியாயமான்னு பாக்குற வேல நைனா."

"பம்புசெட்டுக்குத்தான் கரண்ட்டு ஃப்ரீயாச்சே. அப்புறம் ஒனக்கு அதுல இன்னா வேல?"

இலவசமாக வருகிற மின்சாரத்தையும் யாரோ ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும், எந்த நேரத்தில் வாங்குகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று பதில் சொல்ல எனக்கு முழுப் பயிற்சிக் காலமும் தேவைப்பட்டது.

பயிற்சியின் முதல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சட்டம், விதி, மறுபடியும் சட்டம். உயிர் வந்தது வகுப்பிலேயே மாதிரிச் சந்தை நடத்திய நாளில்தான். எங்களில் சிலர் மின் உற்பத்தியாளர்கள், சிலர் வாங்கி விநியோகிப்பவர்கள். அவரவர் விலையைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். சென்னைக்காரனான பிரவீன் என் பக்கத்து நாற்காலி. அவன் கையில் இருந்த மின்சாரத்தில் பாதியை விற்காமல் ஒளித்து வைத்தான். தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. மீதிப் பாதியை அந்த விலைக்கு விற்று, "எப்பிடி மச்சி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

எங்கள் பயிற்சித் தலைவர் ஹேமலதா மேடம் கைதட்டு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"பிரவீன், நீ ஒளிச்ச நேரத்துல யார் வீட்டுல கரண்ட் போச்சு?"

"நுகர்வோர் வீட்டுல மேடம்."

"எந்த நுகர்வோர்? பேர் சொல்லு."

மேடத்தின் வழக்கம் அது. மக்கள், நுகர்வோர், பயனாளி என்று யார் சொன்னாலும் பேர் கேட்பார். குரல் உயராது, முகம் மாறாது. கற்பனையாகவாவது ஒரு பேரைச் சொல்லி, அவருக்கு என்ன தொழில், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால்தான் உட்கார விடுவார். பிரவீன் கடைசியில் தன் பெரியம்மாவை இட்லி மாவு அரைக்க வைத்து, அரைகுறை மாவோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

பயிற்சியின் கடைசிப் பகுதி நிஜமான பொது விசாரணை. ஊர் எது என்று அறிவிப்பு வந்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். செஞ்சி. எங்கள் ஊர் சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்.

விவகாரம் இதுதான். பம்புசெட்டுகளுக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அப்போது எங்கள் பக்கத்தில் இரண்டு தவணையாக வந்துகொண்டிருந்தது. பகலில் ஒரு தவணை, இரவில் ஒரு தவணை. இரவுத் தவணையை எடுத்துவிட்டு, மொத்தத்தையும் வெயில் நேரத்தில் ஒரே தவணையாகக் கொடுக்க விநியோகத் தரப்பு அனுமதி கேட்டது. வெயில் நேர மின்சாரம் மலிவு. விவசாயி இருட்டில் வயலுக்குப் போக வேண்டாம். மனுவைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரையில் பார்த்த அந்தப் பள்ளத்தில் எங்கள் ஊர் மோட்டார்களைக் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். இதைவிட நல்ல திட்டம் ஒன்று இருக்க முடியுமா?

பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கல்யாண மண்டபத்தில் விசாரணை. அதை நடத்தும் அதிகாரியும் மேடம்தான். மேடையில் மணமக்கள் நாற்காலியை ஓரம்கட்டிவிட்டு மேடத்துக்கு ஒரு மேசை போட்டிருந்தோம். தொடங்குவதற்கு முன் எங்களை வரிசையாக நிற்க வைத்து நடைமுறையை ஒப்பிக்கச் சொன்னார். மனு கொடுத்தவர் முதலில் பேசுவார். டோக்கன் வரிசைப்படி மக்கள் பேசுவார்கள். ஒவ்வொரு வார்த்தையும் பதிவாக வேண்டும். மனுதாரர் பதில் சொல்வார். தீர்ப்பு அன்றைக்கு வராது. காரணங்களோடு பிறகுதான் வரும்.

"இன்னொண்ணு. யாரு என்ன பேசினாலும் நம்ம ஆளுங்க தலையாட்டக் கூடாது. நீ மரியாதைக்கு ஆட்டுவ. அவங்க அத வாக்குறுதின்னு எடுத்துட்டு வீட்டுக்குப் போவாங்க."

தலையாட்டாமல் ஒரு மனிதர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். கழுத்து வலிக்கும்.

டோக்கன் மேசையில் நானும் பிரவீனும். வருகிறவரிடம் பேர், ஊர், மின் இணைப்பு எண் கேட்டு டோக்கன் கொடுக்க வேண்டும். பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது எங்கள் தெரு அஞ்சலை அத்தை வந்து நின்றார். உறவில்லை, தெருவில் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்.

"சர்வீஸ் நம்பர் சொல்லுங்கம்மா" என்றான் பிரவீன்.

"நம்பரு எங்க மூத்தாரு பேர்ல இருக்குது. எங்க வூட்டுக்காரரோட அண்ணன்."

"அப்ப அவருதான் பேசணும்மா."

"அவரும்தான் வந்து மொத வரிசையில குந்தினு இருக்குறாரு. அவரு பேசறதும் நான் பேசறதும் ஒண்ணா தம்பி?" என்றவர், அப்போதுதான் என்னைப் பார்த்தார். "டேய் கொமரேசா, நீயா? நல்லதாப் போச்சி. எம் பேர எழுதுடா."

நான் எழுதவில்லை. எழுந்து மேடையேறிப் போய் மேடத்திடம் சொன்னேன்.

"எந்த விதிப்படி மறுக்கறீங்க?" என்றார்.

"விதியில இணைப்பு எண்ணே இல்ல மேடம். பாதிக்கப்படக்கூடிய யாரும் பேசலாம்னுதான் இருக்குது. நம்பர் கேக்குறது நாமளா வெச்சிக்கிட்ட பழக்கம்." படித்த விதி ஒன்று முதல் தடவையாக ஒரு ஆளுக்குக் கதவு திறப்பதை உணர்ந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"டோக்கன் குடுங்க. நம்பர் கேக்குறத இப்பவே நிறுத்துங்க." நான் திரும்பினேன். "குமரேசன், அந்தம்மாவ உனக்குத் தெரியுமா?"

"எங்க தெரு மேடம். அத்தைன்னு கூப்புடுவேன்."

"அப்ப அத பதிவுல சொல்லிட்டு மேசைய விட்டு எந்திரி. விசாரணை முடியற வரைக்கும் அவங்ககிட்ட நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. கண்ணாலயும் பேசக் கூடாது."

அப்படியே செய்தேன். சுவரோரமாகப் போய் நின்றேன். நின்ற பிறகுதான் எனக்குள் ஒன்று இடித்தது. அத்தை எதற்காக வந்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே இப்போது எனக்குப் புரிந்தது.

அந்தக் கிணறு எனக்குத் தெரியும். அத்தையின் மாமனார் பாறையை உடைத்து வெட்டியது. அவர் போன பிறகு இரண்டு மகன்களுக்கும் பாதிப் பாதி. இளையவர், அதாவது அத்தையின் கணவர், இறந்துவிட்டார். மோட்டார் ஒன்று, இணைப்பு ஒன்று, இரண்டும் மூத்தவர் கோவிந்தன் பேரில். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறைக் கிணறுகள். மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் தரை தெரிந்துவிடும். பிறகு ஊற்று மெல்லச் சுரந்து நிரம்பினால்தான் அடுத்த இறைப்பு. அதனால் முதல் தவணை மின்சாரம் கோவிந்தனுக்கு. இடைவெளியில் கிணறு ஊறும். இரண்டாவது தவணை அத்தைக்கு. இதுதான் முறை.

மின்சாரம் ஒரே தவணையாக வந்தால்? கோவிந்தன் மோட்டாரைப் போடுவார். கிணறு வற்றும். ஊற்று நிரம்பும்போது மின்சாரம் போயிருக்கும். அத்தையின் முறை என்று ஒன்று இருக்காது. நிலத்தில் அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற பருவம். அப்போது தண்ணீர் தவறினால் செடி இருக்கும், காய் இருக்காது. அந்தக் காயை நம்பித்தான் அவர் வீடு.

எழுந்து கத்தலாம் போல இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மனுதாரர் தரப்புப் பொறியாளர் அழகாகப் பேசினார். பிறகு மக்கள். அனந்தபுரத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பகல்ல குடுக்கறீங்களா, கும்புட்டு வாங்கிக்கிறோம். ராத்திரியில பாம்பு நடுவுல போயி நான் மோட்டாரு போட்டுப் போட்டு எங்க சம்சாரம் தாலிய கையில புடிச்சிக்கினே தூங்குது" என்றார். மண்டபம் சிரித்தது. அடுத்தவரும் வரவேற்றார். அதற்கடுத்தவரும். கோவிந்தனும் எழுந்து, "நல்ல திட்டம். சீக்கிரம் கொண்டாங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் நைனா என்னிடம் வந்தார். மகன் வேலை பார்ப்பதைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அஞ்சல அங்க ஒண்டியா நிக்கிது. எப்பிடிப் பேசணும்னு ரெண்டு வார்த்த சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"கூடாது நைனா."

"ஒரு டீயாவது வாங்கிக் குடேன். அதுக்கும் ஒங்க சட்டத்துல எடமில்லியா?"

"நீ வாங்கிக் குடு."

"ஏன், ஒன் கையில வாங்கிக் குடிச்சா டீ கசந்துடுமா?" என்று முனகிக்கொண்டே நைனா போய் வாங்கிக் கொடுத்தார். அத்தை டீயை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த யாரோ ஒருவரின் திருமண வாழ்த்துத் தாளைப் படித்தேன்.

அத்தையின் முறை வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் ஆரம்பித்த இடம் தப்பான இடம்.

"எங்க மூத்தாரு இருக்குறாரே, எங்க வூட்டுக்காரரு போன நாள்லேர்ந்து எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசினதில்லைங்க. வரப்புல ஒரு பனமரம், அதையும்…"

"குடும்பச் சண்டைய இங்க ஏம்மா கொண்டார?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் பொம்பளைங்க மைக்கப் புடிக்கக் கூடாதுன்றது" என்றார். அத்தை தடுமாறினார். பனைமரத்திலிருந்து வரப்புக்கும் வரப்பிலிருந்து மாமியாருக்கும் பேச்சு போயிற்று. ஒரே ஒரு வாக்கியம், 'கிணத்தப் பத்திச் சொல்லு அத்த' என்ற ஒரே வாக்கியம், என் பல்லுக்குப் பின்னால் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேடம் கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

"அம்மா, நான் ஒண்ணுதான் கேக்கறேன். கரண்ட் ரெண்டு தவணையா வராம ஒரே தவணையா வந்தா, உங்க நெலத்துல என்ன ஆகும்?"

அத்தை மைக்கை ஒரு கைக்கு மாற்றினார். பிறகு வேறு குரலில் சொன்னார்.

"எனக்குத் தண்ணி வராதுங்க. மொத கரண்ட்டு அவருக்கு, ரெண்டாவது கரண்ட்டு எனக்கு. ஒண்ணுதான் வருதுன்னா அது அவருது."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்க முடியாதா?"

"அதுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பேசணுமே. பேச்சே கெடையாதுங்களே. எந்தப் பெரியவங்களும் எங்களுக்கு முறை வெச்சிக் குடுக்கல. கரண்ட்டு ரெண்டு தபா வருது, ஆளுக்கு ஒண்ணுன்னு அதுவா அமைஞ்சிது. எங்களுக்குப் பஞ்சாயத்தே அந்தக் கரண்ட்டுதான். ராத்திரி எனக்கும் வேணாங்க, எனக்கும் பயமாத்தான் இருக்குது. பகல்லயே குடுங்க. ரெண்டா வெட்டிக் குடுங்க. நடுவுல கெணறு ஊறட்டும்."

மேடம் தலையாட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இதே மாதிரி பங்குக் கிணறு வெச்சிருக்கறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு கை. அப்புறம் அங்கங்கே. பாம்பைப் பற்றிப் பேசிய அனந்தபுரத்துக்காரர் தன் பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய தம்பியாக இருக்க வேண்டும், அவரும் தூக்கினார். மண்டபத்தில் பாதிக்கு மேல் கைகள். சற்று முன் வரவேற்றுப் பேசிய அதே கைகள். எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

கோவிந்தன் மட்டும் தூக்கவில்லை. மேடம் அவரைப் பார்த்தார். "நீங்க?"

அவர் எழுந்தார். "பங்கு இல்லேன்னு நான் எப்பங்க சொன்னேன்? எங்கப்பன் வெட்டின கெணறு. பாதி அதுங்களுதுதான்." உட்காரப் போனவர் நின்று, "அந்தப் பொம்பள கெணத்தப் பத்திச் சொன்னது நெசம். பனமரத்தப் பத்திச் சொன்னது பொய்" என்றார். இப்போது மண்டபம் அதிரச் சிரித்தது. அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பொறியாளர் பதில் சொல்லும்போது நேர்மையாகச் சொன்னார்: "எங்க கணக்குல ஒரு இணைப்புன்னா ஒரு விவசாயிங்க மேடம்." எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மோட்டாரை எண்ணுவோம், அந்த மோட்டாருக்குப் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது எந்த மீட்டரிலும் ஏறாது. மனுவைப் படித்துச் சிலிர்த்த எங்களில் ஒருவருக்கும், கிணற்றைத் தெரிந்த எனக்கும்கூட, அது தோன்றவில்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் நடந்ததுதான் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான வேலை. இரண்டு பகல் தவணை சாத்தியமா என்று விநியோகத் தரப்பு சரிபார்க்க வேண்டும். அவர்கள் தரும் கணக்கைப் பயிற்சியில் இருக்கும் நாங்கள் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கிணறு எங்கள் தெருக்காரருடையது என்பதால் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தடத்தின், அதாவது அந்தப் பாதையின், கணக்கைத் தொட எனக்கு அனுமதியில்லை. மற்ற பாதைகள் எனக்கு, அந்தப் பாதை பிரவீனுக்கு.

"மச்சி, உச்சி வெயில்லதான் கரண்ட் சல்லிசு. உங்க ஊருக்காரங்க அந்த நேரத்துல மோட்டார நிறுத்தச் சொல்றாங்க. பந்தி போட்டுட்டு எழுந்து போற மாதிரி இருக்கு."

"அந்த நேரத்துல கிணறு ஊறும். எங்கிட்ட இருக்குற பாதை ஒண்ண அங்க உக்கார வைக்கிறேன்."

"வேற பாதையிலயும் பங்குக் கிணறு இருக்குமே."

"அதுக்கும் ரெண்டு தவணை. ஒண்ணு நிக்கறப்ப இன்னொண்ணு ஓடட்டும்."

பிரவீன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரையை நோக்கிக் குனிந்தோம். இரண்டு பாதைகளும் மாறி மாறி ஓடினால் அந்தப் பள்ளம் நிரம்பியது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் கடைக்கோடியில் மின்னழுத்தமும் விழவில்லை. விநியோகத் தரப்பின் கணக்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. மேடத்திடம் கொண்டுபோனோம். நிதானமாகப் படித்தார். "இதுல கடைசிப் பாதை சாயங்காலத்த தொடுது. வெலை ஏற ஆரம்பிக்கிற நேரம். அத முன்னாடி நகர்த்துங்க" என்றார். பாராட்டு என்றால் அதுதான் பாராட்டு. நகர்த்தினோம்.

ஆணை வந்தது. பகலிலேயே இரண்டு தவணை, நடுவில் இடைவெளி, முதலில் சில பாதைகளில் சோதனையாக. காரணங்கள் பகுதியில், ஒரு பாசனக் கிணற்றின் பங்குதாரர் ஒவ்வொருவரும் பாதிக்கப்படக்கூடியவரே என்று ஒரு வரி இருந்தது. அதை நின்றுகொண்டே படித்தேன். உட்கார மறந்துவிட்டேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். முதல் தவணை முடிந்திருந்தது. கோவிந்தன் தன் பங்குக்குப் பாய்ச்சிவிட்டு, வேப்பமர நிழலில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "வாய்யா ஆபீசரு. எனக்கு அரை மணி கொறச்சலா வருது, அத மொதல்ல கேளு" என்றார்.

"எழுதிப் போடுங்க மாமா. கேப்பாங்க."

"எழுதத்தான் போறேன்" என்றபடி நடையைக் கட்டினார்.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாறை விளிம்பில் ஈரக்கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வரப்பில் அஞ்சலை அத்தை மண்வெட்டியோடு காத்திருந்தார். மல்லாட்டைச் செடி காலடியில் பச்சையாகப் படர்ந்து கிடந்தது. இரண்டாவது தவணை மின்சாரம் வந்தது. அத்தை போய் மோட்டாரைப் போட்டார். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பட்டப்பகலில், அவருடைய முறை.

"ஏன்டா, அன்னிக்கி அத்தினி பேரு சிரிக்கும்போது ஒரு வார்த்த பேசாம செவுத்தப் பாத்துக்கினு நின்னியே. எவ்ளோ ஆத்திரமா வந்திச்சி தெரியுமா எனக்கு."

"நான் பேசியிருந்தா ஊர்க்காரன் சொல்லிக் குடுத்துட்டான்னு ஆயிருக்கும் அத்த. நீ சொன்னது எதுவும் நின்னிருக்காது."

அத்தை மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஒப்புக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"செரி, செரி. கால எடு. மடைய மாத்தணும்."